ஆன்காலஜியில எந்த வேலை உங்களுக்கு? லங் கேன்சர் டார்கெட்டட் தெரபிய தொடர்ந்து போய் கண்டுபிடிக்கறது எப்படி

கேன்சர் துறையில வேலை செய்யணும்னு ஆசை இருக்கு ஆனா எந்த பக்கம் போறதுன்னு தெரியலன்னு கேக்கறவங்க நிறைய பேர், அதுல மெடிசின் படிக்கறவங்க இருக்காங்க, ஃபார்மசி, நர்சிங், பயோடெக் முடிச்சவங்க இருக்காங்க, கம்ப்யூட்டர் பக்கம் இருந்துட்டு இங்க வர நினைக்கறவங்களும் இருக்காங்க. எல்லாருக்கும் நான் சொல்றது ஒண்ணுதான். கோர்ஸ் லிஸ்ட்ட கொஞ்ச நாள் ஓரமா வைங்க, ஒரே ஒரு நோய எடுத்துக்கிட்டு அதோட சிகிச்சை லேப்ல ஆரம்பிச்சு பேஷண்ட் கையில மாத்திரையா வந்து சேர்ற வரைக்கும் முழுசா ஒரு தடவ பின்னாடியே போய் பாருங்க. வழியில எந்த இடத்துல நீங்க தானா நின்னு, இத இன்னும் கொஞ்சம் தோண்டி பாக்கலாமேன்னு தோணுதோ, அங்க இருக்கற வேலைதான் உங்களுக்கு ஒத்து வரும்.

அந்த ஒரு நோய் லங் கேன்சரா இருக்கட்டும். 2022ல உலகம் முழுக்க சுமார் 24.8 லட்சம் பேருக்கு இது புதுசா வந்துச்சு, சுமார் 18 லட்சம் பேர் இதனால இறந்தாங்க, புது கேஸ் கணக்குலயும் இறப்பு கணக்குலயும் எல்லா கேன்சருக்கும் மேல இதான் நிக்குது. அத விட முக்கியமான காரணம், கடந்த இருபது வருஷத்துல இந்த அளவுக்கு அடியோட மாறின சிகிச்சை ரொம்ப கம்மி, அதனால இத ஒழுங்கா படிச்சீங்கன்னா மத்த கேன்சர் எல்லாம் எந்த திசையில போகுதுன்னும் சேத்தே புரிஞ்சுடும்.

முதல்ல கதைய தெரிஞ்சுக்கோங்க

லங் கேன்சர்ல சுமார் 85 சதவீதம் நான் ஸ்மால் செல், மீதி ஸ்மால் செல். டார்கெட்டட் தெரபின்னு நாம பேசறது பெரும்பாலும் நான் ஸ்மால் செல்லுல, அதுலயும் அடினோகார்சினோமாங்கற (சுரக்கற செல்லுல ஆரம்பிக்கற) வகையில. செல் வளரறதுக்கு சிக்னல் குடுக்கற ஒரு ஜீன் மாறிப்போய், ஸ்விட்ச் ஆன்லயே சிக்கிக்கிட்ட மாதிரி ஓயாம சிக்னல் குடுத்துக்கிட்டே இருக்கும், அந்த ஒரு சிக்னல மட்டும் தடுக்கற மருந்துதான் டார்கெட்டட் மருந்து. கீமோ வேகமா பிரியற எல்லா செல்லையும் அடிக்கும், இது குறிப்பா அந்த மாறின புரோட்டீன தேடிப் போகும்.

இதுல ஈஜிஎஃப்ஆர் (வளரச் சொல்ற சிக்னல வாங்க செல் மேல இருக்கற ரெசெப்டர்) கதைதான் அடித்தளம், அத அவசரமில்லாம படிங்க. ஜெஃபிடினிப் மாத்திரை 2002ல ஜப்பான்லயும் 2003ல அமெரிக்காவுலயும் வந்துச்சு, சில பேருக்கு கட்டி கரைஞ்சு போச்சு, பெரும்பாலானவங்களுக்கு ஒண்ணுமே நடக்கல, ஏன்னு யாருக்கும் புரியல. 2004லதான் காரணம் கிடைச்சுது, அந்த ரெசெப்டரோட கைனேஸ் பகுதியில (சிக்னல உள்ள அனுப்பற பகுதி) மியூட்டேஷன், அதாவது ஜீன் மாற்றம், இருக்கறவங்களுக்குத்தான் மருந்து கேக்குது, அதுலயும் எக்ஸான் 19 டெலிஷன், எல்858ஆர்னு ரெண்டு வகை மியூட்டேஷன்தான் அதிகம். அப்புறம் 2009ல ஐபாஸ் ட்ரையல் வந்து விஷயத்த முடிச்சு வச்சுது. மியூட்டேஷன் இருந்தவங்கள்ல ஜெஃபிடினிப் எடுத்த சுமார் 71 சதவீதம் பேருக்கு கட்டி நல்லா சுருங்குச்சு, மியூட்டேஷன் இல்லாதவங்கள்ல அதே மாத்திரைக்கு சுமார் 1 சதவீதம். ஒரே நோய், ஒரே மாத்திரை, 71க்கும் 1க்கும் நடுவுல நிக்கறது ஒரு டெஸ்ட் ரிப்போர்ட். இந்த ரெண்டு நம்பர பாத்து உங்களுக்கு உள்ள ஏதாவது ஆச்சுன்னா நீங்க மாலிகுலர் பேத்தாலஜி பக்கம் சீரியஸா யோசிக்கலாம்.

அடுத்து ஏஎல்கே, அதுவும் ஒரு ஜீன். 2007ல ஜப்பான்ல ஒரு குழு இஎம்எல்4-ங்கற இன்னொரு ஜீனும் ஏஎல்கே-வும் ஒட்டிப்போன ஃப்யூஷன லங் கேன்சர்ல கண்டுபிடிச்சாங்க, 2011லயே அதுக்கான மருந்து க்ரைஸோடினிப் அப்ரூவல் ஆயிடுச்சு, நாலே வருஷம். இப்போ அந்த வரிசையில லார்லாடினிப் வரைக்கும் வந்தாச்சு, க்ரவுன் ட்ரையல்ல அஞ்சு வருஷம் கழிச்சும் நோய் முன்னேறாம இருந்தவங்க லார்லாடினிப் பக்கம் 60 சதவீதம், க்ரைஸோடினிப் பக்கம் 8 சதவீதம். நாலாம் ஸ்டேஜ் லங் கேன்சர்ல இப்படி ஒரு நம்பர எதிர்பாத்தவங்க முன்னாடி யாருமே இல்ல.

கேராஸ்ங்கற ஜீனோட கதை நேர்மாறா மெதுவானது. கேன்சர்ல அதோட பங்கு 1980கள் ஆரம்பத்துலயே தெரியும், ஆனா அந்த புரோட்டீனோட மேற்பரப்புல மருந்து போய் உக்கார ஒரு பள்ளம் கிடைக்கல, இதுக்கு மருந்தே வராதுன்னு பல பேர் கைய விட்டுட்டாங்க. 2013ல கலிஃபோர்னியாவுல கெவன் ஷோகாட் குழு ஜி12சி மியூட்டேஷன்ல மட்டும் ஒளிஞ்சிருந்த ஒரு பள்ளத்த கண்டுபிடிச்சாங்க, 2021ல அதுல போய் உக்கார்ற மருந்து சோடோராசிப் அப்ரூவல் ஆச்சு. கெமிஸ்ட்ரி, ஸ்ட்ரக்சரல் பயாலஜி படிச்சுட்டு கேன்சர்ல நமக்கு என்ன இடம்னு கேக்கறவங்க இந்த ஒரு கதைய முழுசா படிக்கணும்.

மத்த ஜீன் மாற்றமெல்லாம், ஆர்ஓஎஸ்1, ஆர்ஈடி, மெட் எக்ஸான் 14, பிராஃப் வி600ஈ, ஹெர்2, என்டிஆர்கே, ஒவ்வொண்ணும் சில சதவீதமோ அதுக்கும் கம்மியோதான், ஒவ்வொண்ணுக்கும் மருந்து இருக்கு. படிக்கும்போது ஜீனுக்கு ஒரு பக்கம்னு நோட்டு போடுங்க, அதுல நாலே கேள்வி: எவ்ளோ பேருக்கு இருக்கு, எந்த டெஸ்ட்ல பிடிபடும், முதல்ல என்ன மருந்து, அந்த மருந்து வேலை செய்யாம போனா அடுத்து என்ன நடக்குது. கடைசி கேள்விய விட்டுடாதீங்க, ஏன்னா இந்த துறையோட பாதி வேலை அங்கதான் இருக்கு.

ரெசிஸ்டன்ஸ்னு சொல்றது அதைத்தான். ஜெஃபிடினிப், எர்லோடினிப் எடுத்து நல்லா இருந்தவங்களுக்கு ஒரு வருஷம் முன்ன பின்ன ஆனதும் நோய் திரும்ப வளரும், அதுல பாதி பேருக்கு டி790எம்-னு ரெண்டாவது ஒரு மியூட்டேஷன், அதுக்காகவே செஞ்ச ஆசிமெர்டினிப் 2015ல வந்துச்சு, அப்புறம் ஃப்ளோரா ட்ரையல்ல அதையே முதல் மருந்தா குடுத்து பாத்தாங்க, நோய் முன்னேறாத காலம் 10.2 மாசத்துலருந்து 18.9 மாசத்துக்கு போச்சு, மொத்த உயிர்வாழ்வு 31.8 மாசத்துலருந்து 38.6க்கு போச்சு. ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு குடுத்த அடோரா ட்ரையல்ல அஞ்சு வருஷத்துல உயிரோட இருந்தவங்க 88 சதவீதம், மாத்திரை இல்லாத பக்கம் 78. இவ்ளோ நல்ல மருந்துக்கும் ரெசிஸ்டன்ஸ் வருது, சி797எஸ்ங்கற இன்னொரு மியூட்டேஷன் வரும், மெட் ஆம்ப்ளிஃபிகேஷன் (மெட் ஜீன் பல நகலா பெருகறது) வரும், சில பேருக்கு அடினோகார்சினோமாவே ஸ்மால் செல்லா மாறிடும். அதனாலதான் இப்போ முதல்லயே ரெண்டு மருந்த சேத்து குடுக்கற வழி வந்திருக்கு, ஆசிமெர்டினிப்போட கீமோ சேத்து, இல்லன்னா அமிவாண்டமாபோட லேஸர்டினிப் சேத்து. யாருக்கு ஒரு மாத்திரை போதும், யாருக்கு ரெண்டு வேணுங்கற கேள்வி இன்னும் திறந்துதான் கிடக்கு, ரிசர்ச் பக்கம் போக நினைக்கறவங்களுக்கு அது நல்ல செய்தி.

இப்போ ஒரு பயாப்ஸிய பின்தொடர்ந்து போங்க

ஒரு பேஷண்ட், இருமல், ஸ்கேன்ல நுரையீரல்ல ஒரு கட்டி. இங்கருந்து அவங்க கைக்கு சரியான மாத்திரை வர்ற வரைக்கும் எத்தனை பேர் கை படுதுன்னு பாருங்க.

முதல்ல திசு எடுக்கணும், அத பல்மனாலஜிஸ்ட் ஈபஸ் (மூச்சுக்குழாய்க்குள்ள போற அல்ட்ராசவுண்ட் குழாய்) போட்டு எடுப்பாங்க, இல்ல ரேடியாலஜிஸ்ட் சிடி பாத்து ஊசியில எடுப்பாங்க. அந்த திசு ரொம்ப சின்னது, பல நேரம் நூல் மாதிரி சில துணுக்கு. பேத்தாலஜிஸ்ட் அதுல கேன்சர் இருக்கா, எந்த வகைன்னு பாக்கணும், டிடிஎஃப்-1, பி40 மாதிரி ஸ்டெயின் போடணும், இம்யூனோதெரபி (உடம்போட எதிர்ப்பு சக்திய தூண்டற சிகிச்சை) கேக்குமான்னு பாக்க பிடி-எல்1 போடணும், அத்தோட ஜீன் டெஸ்டுக்கும் திசுவ மிச்சம் வைக்கணும். கவனமில்லாம ஸ்டெயின் மேல ஸ்டெயினா போட்டு ப்ளாக்க (மெழுகுல பதிச்ச திசுவ) தீத்துட்டா அந்த பேஷண்டுக்கு மறுபடி ஊசி, மறுபடி காத்திருப்பு. அதனால இந்த இடத்துல இருக்கற ஹிஸ்டோ டெக்னீஷியனோட கை ரொம்ப முக்கியம், அவங்கள பத்தி யாரும் பேசறதில்ல ஆனா அவங்க வெட்டற விதத்துலதான் அடுத்த எல்லாமே நிக்குது.

அப்புறம் மாலிகுலர் லேப். டிஎன்ஏ எடுக்கறாங்க, என்ஜிஎஸ்ங்கற சீக்வென்சிங் மெஷின்ல போட்டு ஒரே நேரத்துல நிறைய ஜீன பாக்கறாங்க. ஒரு நுணுக்கம் சொல்றேன், ஏஎல்கே, ஆர்ஓஎஸ்1, ஆர்ஈடி, என்டிஆர்கே மாதிரி ஃப்யூஷன டிஎன்ஏ டெஸ்ட் சில நேரம் தவற விட்டுடும், ஆர்என்ஏ-வும் சேத்து பாத்தா பிடிபடும், மெட் எக்ஸான் 14-க்கும் அப்படித்தான். சிகரெட்டே தொடாத ஒருத்தருக்கு டிஎன்ஏ ரிப்போர்ட் ஒண்ணுமே இல்லன்னு வந்தா, ஆர்என்ஏ பாத்தாச்சான்னு கேக்கற ஆள் ஒருத்தர் அந்த டீம்ல இருக்கணும். அந்த கேள்வி உங்க வாயிலருந்து தானா வருதுன்னா உங்க இடம் இதுதான். திசு பத்தலன்னா ரத்தத்துல மிதக்கற ட்யூமர் டிஎன்ஏவ பாக்கற லிக்விட் பயாப்ஸி இருக்கு, ஆனா அதுல பாஸிட்டிவ் வந்தா நம்பலாம், நெகட்டிவ் வந்தா இல்லன்னு முடிவு பண்ணக்கூடாது, கட்டி ரத்தத்துல போதுமான அளவு டிஎன்ஏ விடாம இருந்திருக்கலாம்.

சீக்வென்சர்ல இருந்து வர்றது ரிப்போர்ட் கிடையாது, கோடிக்கணக்கான எழுத்து. அத ஃபாஸ்ட்க்யூ ஃபைல்லருந்து பாம், பாம்லருந்து விசிஎஃப்னு ஒவ்வொரு ஃபைலா மாத்தி கொண்டு வந்து, எது நெசமான மியூட்டேஷன் எது மெஷினோட பிழைன்னு பிரிக்கறது பயோஇன்ஃபர்மேட்டிக்ஸ் ஆளோட வேலை. அதுக்கு மேல எது சிகிச்சைய மாத்தும் எது மாத்தாதுன்னு ரிப்போர்ட்ல எழுதறது மாலிகுலர் பேத்தாலஜிஸ்ட், இல்ல வேரியன்ட் சயின்டிஸ்ட். அபூர்வமா சில மியூட்டேஷன் பிறவியிலேயே இருந்ததா இருக்கும், டி790எம் கூட சில குடும்பத்துல அப்படி வரும், அங்க ஜெனடிக் கவுன்சலர் வேணும்.

ரிப்போர்ட் வர்ற வரைக்கும் ஆன்காலஜிஸ்ட் பொறுமையா இருக்கணும், அதுதான் கஷ்டம். பேஷண்ட் குடும்பம் உடனே ஏதாவது ஆரம்பிங்கன்னு கேப்பாங்க, பிடி-எல்1 ரிப்போர்ட் சீக்கிரம் வந்துடும், இம்யூனோதெரபி ஆரம்பிச்சுடலாம்னு தோணும். ஆனா ஈஜிஎஃப்ஆர், ஏஎல்கே இருக்கறவங்களுக்கு இம்யூனோதெரபி தனியா குடுத்தா பெருசா பலன் இருக்காது, அத குடுத்துட்டு கொஞ்ச நாள்லயே ஆசிமெர்டினிப் ஆரம்பிச்சா நுரையீரல் அழற்சி வர்ற ஆபத்து கூடுது. அதனால முடிஞ்ச வரைக்கும் ஜீன் ரிப்போர்ட்டுக்கு காத்திருக்கணும், காத்திருக்க முடியாத நிலைமைன்னா கீமோவ மட்டும் ஆரம்பிச்சுட்டு ரிப்போர்ட் வந்ததும் மாத்தறதும் உண்டு. இத ஒரு பயந்த குடும்பத்துக்கு புரிய வைக்கறது தனி திறமை.

மாத்திரை கைக்கு போனதோட கதை முடியல, பல பேர் தப்பா நினைக்கற இடம் இதுதான், மாத்திரைதானே வீட்லயே போட்டுப்பாங்கன்னு. ஆன்காலஜி ஃபார்மசிஸ்ட் பாக்கற லிஸ்ட்ட பாருங்க: ஜெஃபிடினிப், எர்லோடினிப் எடுக்கறவங்க அசிடிட்டி மாத்திரையும் போட்டா மருந்து ஒழுங்கா ஏறாது, எர்லோடினிப் வெறும் வயித்துல, அலெக்டினிப் சாப்பாட்டோட, ஆசிமெர்டினிப் ரெண்டு விதமாவும் எடுக்கலாம், ஆனா வலிப்புக்கு ஃபெனிடோயின், டிபிக்கு ரிஃபாம்பிசின் எடுக்கறவங்களுக்கு ஆசிமெர்டினிப் அளவு ரத்தத்துல இறங்கிடும். லார்லாடினிப்னா கொலஸ்ட்ரால் ஏறும், மனநிலை மாறும், குடும்பத்துல இருக்கறவங்க ஏன் இப்படி கோவப்படறாங்கன்னு குழம்புவாங்க, அது மருந்தாலன்னு முன்னாடியே சொல்லி வச்சா ஒரு வீட்டுல தேவையில்லாத சண்டை நிக்கும். மருந்தோட மருந்து மோதறத துருவித் துருவி பாக்கற குணம் இருக்கறவங்களுக்கு இதவிட நல்ல வேலை எனக்கு தெரியல.

நர்ஸ் பக்கம் இன்னும் பெருசு. முகத்துல பரு மாதிரி ராஷ், நகக்கண்ணுல புண், வயித்துப்போக்கு, இதெல்லாம் சின்ன விஷயமா தெரியும், ஆனா இதனாலதான் பேஷண்ட் யாருகிட்டயும் சொல்லாம மாத்திரைய நிறுத்திடுவாங்க. ஃபோன் பண்ணி கேக்கற நர்ஸ் ஒருத்தர் இருந்தா நிறுத்த மாட்டாங்க. புதுசா மூச்சு வாங்குது, வறட்டு இருமல் வருதுன்னு சொன்னா அத சாதாரணமா விடாம உடனே டாக்டர்கிட்ட கொண்டு போகணும், அது மருந்தால வர்ற நுரையீரல் பிரச்சினையா இருக்கலாம், அங்க ஒரு நாள் தாமதம் கூட பெருசு.

வலியையும் கஷ்டத்தையும் குறைக்கற பாலியேட்டிவ் கேர கடைசி கட்டம்னு நினைக்கறவங்களுக்கு ஒண்ணு. 2010ல வந்த ஒரு ஆய்வு, பரவின நான் ஸ்மால் செல் லங் கேன்சர் பேஷண்டுகளுக்கு ஆரம்பத்துலயே பாலியேட்டிவ் டீம சேத்து பாத்தாங்க, வாழ்க்கைத் தரம் கூடுச்சு, மனச்சோர்வு குறைஞ்சுது, சராசரி வாழ்நாளும் 8.9 மாசத்துலருந்து 11.6 மாசம் ஆச்சு. புது மாத்திரை எதுவும் இல்லாம கிடைச்ச பலன் இது. இந்த துறையில ஆள் பத்தல, மனசு இருக்கறவங்க தயவுசெஞ்சு யோசிங்க.

நீங்க எங்கருந்து வரீங்களோ அதுக்கு ஏத்த வழி

மெடிசின் படிக்கறவங்களுக்கு மெடிக்கல், சர்ஜிக்கல், ரேடியேஷன்னு மூணு பெரிய கதவு, மூணுமே நீண்ட பயிற்சி, எத்தனை வருஷங்கறது நாட்டுக்கு நாடு மாறும். டார்கெட்டட் தெரபி வந்ததால மத்த ரெண்டுக்கும் வேலை குறையும்னு பயப்படாதீங்க. ரேடியேஷன்ல மாத்திரை எடுத்துக்கிட்டு இருக்கறவங்களுக்கு ஒரே ஒரு இடத்துல மட்டும் நோய் வளந்தா அந்த இடத்துக்கு மட்டும் துல்லியமா கதிர் குடுத்துட்டு அதே மாத்திரைய தொடர முடியுது. சர்ஜரியில 2 செமீ-க்கு உட்பட்ட ஓரத்து கட்டிக்கு முழு லோபையும் (நுரையீரலோட ஒரு மடல்) எடுக்காம சின்ன பகுதி எடுத்தா போதுமான்னு ரெண்டு பெரிய ட்ரையல் 2022, 2023ல வந்து நல்ல பதில் குடுத்திருக்கு. ஃபிசிக்ஸ் படிச்சவங்களுக்கு மெடிக்கல் ஃபிசிசிஸ்ட் வேலை இருக்கு, அது ரேடியேஷனோட முதுகெலும்பு.

லைஃப் சயின்ஸ், ஃபார்மசி, நர்சிங் முடிச்சவங்க சீக்கிரமா உள்ள வர்றதுக்கு க்ளினிக்கல் ட்ரையல்தான் நல்ல வாசல். ட்ரையல ஒழுங்கா நடத்தற விதிகளுக்கான ஐசிஎச் ஜிசிபி சர்ட்டிஃபிகேட் முதல்ல வாங்குங்க, ஆன்லைன்லயே முடிக்கலாம். அப்புறம் ரெண்டு விஷயத்த மனப்பாடமா தெரிஞ்சுக்கோங்க: கட்டி அளவ கணக்கிடற ரெசிஸ்ட் 1.1 விதியில கட்டிகளோட மொத்த அளவு 30 சதவீதமாவது குறைஞ்சாத்தான் பார்ஷியல் ரெஸ்பான்ஸ், இருந்ததுலயே குறைஞ்ச அளவுலருந்து 20 சதவீதமும் 5 மிமீ-யும் கூடினா ப்ரோக்ரஷன், பக்க விளைவ தரம் பிரிக்கற சிடிசிஏஈ அளவுகோல்ல கிரேடு 1லருந்து 5 வரைக்கும், 5னா மரணம். ஸ்டடி கோஆர்டினேட்டரா ரெண்டு மூணு வருஷம் பேஷண்ட் பக்கத்துல இருந்துட்டு அப்புறம் மானிட்டரிங், டேட்டா மேனேஜ்மென்ட், டிரக் சேஃப்டி, மெடிக்கல் ரைட்டிங்னு எந்த பக்கமும் போகலாம். நேரா டெஸ்க் வேலைக்கு போறத நான் பரிந்துரைக்க மாட்டேன், கிரேடு 2 வயித்துப்போக்குன்னா ஒரு மனுஷனுக்கு என்னன்னு நேர்ல பாத்தவங்க நிரப்பற ஃபார்முக்கும் பாக்காதவங்க நிரப்பறதுக்கும் வித்தியாசம் இருக்கு.

கம்ப்யூட்டர் பக்கம் இருந்து வர்றவங்க பைத்தான், ஆர், லினக்ஸ் தெரிஞ்சா போதும்னு நினைக்காதீங்க, பயாலஜி கத்துக்கத்தான் வேணும். ஒரு பயிற்சி சொல்றேன், காசு இல்லாம செய்யலாம். சிபயோபோர்ட்டல் சைட்ல டிசிஜிஏங்கற பொது கேன்சர் ஜீன் திட்டத்தோட லங் அடினோகார்சினோமா டேட்டாவ திறங்க, ஈஜிஎஃப்ஆர், கேராஸ், ஏஎல்கே மூணையும் போட்டு ஆன்கோபிரின்ட் படத்த (எந்த பேஷண்டுக்கு எந்த ஜீன் மாறியிருக்குன்னு காட்டறது) பாருங்க. ஒரே பேஷண்ட்ல ஈஜிஎஃப்ஆர்-உம் கேராஸ்-உம் சேந்து வர்றது ஏன் இவ்ளோ அபூர்வம்னு நீங்களே கேட்டு நீங்களே பதில் தேடுங்க. அப்புறம் ஒரு மியூட்டேஷன ஆன்கோகேபி-ங்கற மியூட்டேஷன் டேட்டாபேஸ்ல தேடி அதுக்கு எந்த லெவல் ஆதாரம் இருக்குன்னு பாருங்க. டேட்டாவ இறக்கி அதே படத்த நீங்களே கோடு எழுதி வரைங்க, அது இன்டர்வியூவுல காட்ட ஒரு ப்ராஜெக்ட் ஆயிடும்.

எந்த பக்கம் போனாலும் ட்ரையல் பேப்பர் படிக்க கத்துக்கணும், இத தள்ளிப் போட முடியாது. முடிவுரைய முதல்ல படிக்காதீங்க. யார சேத்தாங்க, எந்த மருந்தோட ஒப்பிட்டாங்கன்னு முதல்ல பாருங்க, பழசாப்போன மருந்தோட ஒப்பிட்டா ஜெயிக்கறது சுலபம். அப்புறம் கேப்ளன் மையர் வளைவு (நாள் போகப் போக எத்தனை சதவீதம் பேர் மிச்சம்னு காட்டற படம்), கீழ இருக்கற நம்பர் அட் ரிஸ்க் (இன்னும் கணக்குல இருக்கறவங்க எண்ணிக்கை) வரிசை, வளைவோட வால் பகுதியில நாலே பேர் மிச்சம்னா அத நம்பி பேசக்கூடாது. நோய் முன்னேறாத காலம் நீண்டுச்சுங்கறதும் ஆயுள் நீண்டுச்சுங்கறதும் ஒண்ணு இல்ல, தோத்த பக்கத்து ஆளுங்களுக்கு அப்புறமா நல்ல மருந்து கிடைச்சுதான்னும் பாக்கணும். ஃப்ளோராவையும் ஐபாஸையும் பக்கத்துல வச்சு படிச்சா இதெல்லாம் தானா பழகும். வருஷா வருஷம் ஆஸ்கோ, எஸ்மோ, வேர்ல்ட் லங் கான்ஃபரன்ஸ் மூணு மாநாட்டுலயும் வர்ற லங் அப்ஸ்ட்ராக்ட்கள மட்டுமாவது பாருங்க.

பேஷண்ட் குழுக்களையும் தொடருங்க. ஈஜிஎஃப்ஆர் ரெசிஸ்டர்ஸ், ஏஎல்கே பாஸிட்டிவ், ஆர்ஓஎஸ்1டர்ஸ் எல்லாம் பேஷண்டுகளே ஆரம்பிச்சது, ஆர்ஓஎஸ்1 குழு தங்களோட சொந்த கட்டி திசுவ ரிசர்ச்சுக்கு குடுத்து செல் லைன் உருவாக்க வழி செஞ்சாங்க. அவங்க கேக்கற கேள்விய படிச்சா எந்த டெக்ஸ்ட்புக்லயும் இல்லாத பாடம் கிடைக்கும். அங்க போய் ஆலோசனை சொல்லாதீங்க, படிங்க, கேளுங்க, அது போதும்.

இன்னொண்ணு, இத யாரும் முன்னாடியே சொல்ல மாட்டாங்க. பேஷண்டோட நேரடியா இருக்கற வேலைன்னா நீங்க நேசிச்சவங்க இறந்து போவாங்க, அடிக்கடி. அதுக்கு தைரியம் இருக்கா இல்லையான்னு வீட்ல உக்காந்து யோசிச்சு கண்டுபிடிக்க முடியாது. பெரிய ஃபீஸ் கட்டறதுக்கு முன்னாடி சில மாசம் ஒரு கேன்சர் வார்டுலயோ ஹாஸ்பிஸ்லயோ வாலண்டியரா போங்க, வீட்டுக்கு வந்த அப்புறம் தூக்கம் எப்படி இருக்குன்னு பாருங்க. முடியலன்னா அதுல வெக்கப்பட ஒண்ணும் இல்ல, லேப், டேட்டா, பயோஸ்டாட்டிஸ்டிக்ஸ்னு அதே பேஷண்டுக்கு உதவற வேலை அத்தனை இருக்கு.

கடைசியா மெயில் விஷயம். வழிகாட்டி தேடி எழுதும்போது எனக்கு ஆன்காலஜியில ஆர்வம்னு நாலு பத்தி எழுதாதீங்க, அவங்களோட ஒரு பேப்பர படிச்சுட்டு அதுல உங்களுக்கு புரியாத ஒரே ஒரு கேள்விய கேளுங்க, நீங்க போட்ட அந்த ஜீன் நோட்டுலருந்தோ வரைஞ்ச படத்துலருந்தோ ஒரு பக்கத்த இணைங்க, வாரத்துல எத்தனை மணி நேரம் உங்களால குடுக்க முடியும்னு தெளிவா எழுதுங்க. பதில் வரலன்னா ரெண்டு வாரம் கழிச்சு ஒரு தடவ ஞாபகப்படுத்துங்க, அப்பவும் வரலன்னா அதே லேப்ல இருக்கற பிஎச்டி மாணவருக்கோ ஃபெல்லோவுக்கோ எழுதுங்க, அவங்கதான் பெரும்பாலும் நேரம் ஒதுக்கி பதில் போடுவாங்க.